குளிருக்கு சுவரில் ஓட்டை!

வெனிஸ் என்றால் நமக்கெல்லாம் படகுதான். அந்தப் படகுக்கு டாட்டா காட்டிவிட்டு வடக்கே போகிற ரயிலில் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் பெல்லூனோ வந்துவிடும். பியாவே நதிக்கரையில், டோலமைட் மலைகளின் காலடியில் ஒரு சின்ன நகரம்.

இந்த மாவட்டத்துக்கு மூன்று விசேஷங்கள். ஒன்று, மூக்குக்கண்ணாடித் தொழில். இரண்டு, இங்கிருந்து கிளம்பிப் போய் ஜெர்மனி முழுக்க ஐஸ்க்ரீம் கடை போட்ட குடும்பங்கள். மூன்று, குளிர். (மூன்றாவதைப் பார்த்தபிறகு, ஐஸ்க்ரீம்காரர்கள் ஏன் வெளியூர் போனார்கள் என்று நான் கேட்கவில்லை!)

இத்தாலியில் வீட்டைச் சூடாக்கக்கூட சட்டம் உண்டு. குளிரை வைத்து நாட்டை 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு மண்டலமாகப் பிரித்து, எந்த மாதத்திலிருந்து, தினம் எத்தனை மணி நேரம் ஹீட்டிங் போடலாம் என்று 1993-லேயே விதி எழுதிவிட்டார்கள். பெல்லூனோ 'எஃப்'. அதாவது, 'உங்களுக்குக் கட்டுப்பாடே கிடையாது, எப்படியாவது பிழைச்சுக்குங்க' என்று அரசாங்கமே கைவிட்ட கேஸ்.

இங்கேதான் என் காலேஜ் நண்பன் வீடு வாங்கியிருக்கிறான். கண்ணாடி ஃப்ரேம் டிஸைன் செய்கிற வேலை. மனைவி, நாலு வயசுப் பெண். ஊருக்கு வெளியே பழைய கல் வீடு. கீழே ஒன்று, மேலே ஒன்றாக மொத்தம் 90 சதுர மீட்டர். நான் போனது 2023 அக்டோபரில். அவன் வீட்டில் அப்போது ஒரே பேச்சு - ஸ்டவ்!

சமையல் ஸ்டவ் இல்லை ஸார். இது கணப்பு. பெல்லட் ஸ்டவ் என்று பெயர். மரத்தூளைக் காயவைத்து, மாட்டுத் தீவனக் குச்சி மாதிரி அழுத்தி எடுக்கிறார்கள். 6 மில்லி மீட்டர் தடிமனில் சின்னச் சின்னக் குச்சிகள். பசை எதுவும் கிடையாது. அழுத்துகிற சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் இளகி ஒட்டிக்கொள்கிறது. ஸ்டவ்வின் தலையில் கொட்டிவிட்டால், ஒரு திருகு சுழன்று சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் போடும். ஒரு ஃபேன் புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். 1980-களில் அமெரிக்காவில் ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற போயிங் இன்ஜினீயர் வீட்டுக்கு ஏற்ற மாதிரி செய்து காட்டிய சமாசாரம். இன்றைக்கு இத்தாலிக்காரர்கள்தான் இதில் கில்லாடிகள்.

இரண்டு கிலோ பெல்லட், ஒரு லிட்டர் எண்ணெய் தருகிற சூட்டைத் தரும். 2022-ல் உக்ரைன் யுத்தம் வந்து கேஸ் விலை எகிறியதும் ஜனங்கள் இதன் பக்கம் பாய்ந்தார்கள். அஞ்சு யூரோவுக்கு விற்ற 15 கிலோ மூட்டை பத்தைத் தாண்டிப் போய், அடுத்த வருஷம்தான் இறங்கியது.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். வரிசையாக சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. கடைக்காரர் எங்களை நேராக 14 கிலோவாட் ராட்சசனிடம் அழைத்துப்போனார். "பெரிசா வாங்கினா வீடு பூரா கவர் ஆயிடும்" என்றார். நண்பன் பாக்கெட்டைத் தொட்டுவிட்டான்.

நான் தமிழ்நாட்டுக்காரன் கேட்கவேண்டிய முதல் கேள்வியைக் கேட்டேன்: "கரண்ட் போனா?"

கடைக்காரர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

"முதல்ல மேஸ்திரி வந்து வீட்டைப் பார்க்கட்டும். அப்புறமா வாங்கலாம்" என்றாள் நண்பனின் மனைவி. கார்டு பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷம் அந்தக் குடும்பத்தில் எடுக்கப்பட்ட ஆகச் சிறந்த முடிவு அதுதான்!

இந்த ஊரில் கணப்பு, புகைபோக்கி போடுகிறவருக்கு 'ஃபுமிஸ்தா' என்று பெயர். திங்கட்கிழமை வந்தார். அறுபது தாண்டிய மனிதர். ஸ்டவ்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைத் தட்டினார், கூரைக்கடியில் டார்ச் அடித்தார், படிக்கட்டில் ஏறி இறங்கினார். நண்பன் எனக்காகத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

"ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட்ங்கிறது பொதுக் கணக்கு. 90-க்கு 9 கிலோவாட். மேலே தூங்கறதுக்கு 18 டிகிரி போதும், கூரையில பஞ்சு அடைச்சிருக்கு. உங்களுக்கு 8 போதும்."

"14 வாங்கினா என்ன? குறைச்சு வெச்சு எரிச்சா போச்சு!" இது நண்பன்.

"லாரி வாங்கி காய்கறிக் கடைக்கு முதல் கியர்லயே ஓட்டுவியா?" என்றார் பெரியவர். முழு வேகத்தில் எரியவேண்டிய நாள் வருஷத்தில் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் அடக்கி எரித்தால் கண்ணாடியில் கரி படியும், கிண்ணம் அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அணைந்து அணைந்து எரிந்து, பற்றவைக்கிற கம்பி சீக்கிரம் போய்விடும்.

அடுத்து, எங்கே வைப்பது? இங்கேதான் மகாபாரதம்.

நண்பனுக்கு சோபா எதிரில், ஜன்னலடியில் வைக்கவேண்டும். நெருப்பைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாமாம். "புகைக் குழாயை படுக்கைவசத்துல இவ்வளவு தூரம் இழுத்தா சாம்பல் தங்கும். இங்கே புகையை சுவர் வழியா பக்கத்து வீட்டு மேல விட முடியாது, கூரைக்கு மேல போகணும்" - நிராகரிப்பு.

மனைவிக்கு மாடியில் குழந்தையின் அறையில் வைக்கவேண்டும். பெரியவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அறைக் காற்றை உறிஞ்சி எரிகிற சாதாரண ஸ்டவ்வை படுக்கையறையில் வைப்பதற்கு விதியே இடம் தராது.

கடைக்காரர் போனில் சொன்ன யோசனை, படிக்கட்டுக்கு நேர் கீழே. "சூடெல்லாம் மாடிக்கு ஓடிடும். மேலே வேர்க்கும், கீழே நடுங்கும்!"

கடைசியில் பெரியவர் கை நீட்டிய இடம், ஹாலின் உள்சுவர். அங்கே எப்போதோ மூடிய பழைய கணப்பு. அதன் புகைபோக்கி நேராகக் கூரைக்குப் போகிறது. உள்ளே எஃகுக் குழாய் இறக்கினால் தீர்ந்தது. படிக்கட்டு நாலு எட்டு தள்ளி. ஹாலுக்குப் போக மிச்சம்தான் மேலே ஏறும்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். பெரியவர் மட்டும் ஹாலை ஒட்டிய திறந்த சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி கேட்டார். நண்பன் மனைவி சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்தியையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். அவருக்கு சந்தோஷம்! ஒன்றைப் பற்றவைத்து பழைய கணப்பின் வாயில் பிடித்தார். புகை அழகாக மேலே போனது.

"ஜன்னலை எல்லாம் சாத்துங்க. இப்ப சமையலறை ஃபேனைப் போடுங்க."

அடுப்பு மேலே மாட்டியிருக்கிற, தாளிக்கிற புகையை இழுக்கிற மெஷினைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஊதுபத்திப் புகை தயங்கியது, வளைந்தது, திரும்பி... நேராக ஹாலுக்குள் வந்தது.

யாரும் பேசவில்லை. மாடியில் குழந்தை மத்தியானத் தூக்கம்.

பெரியவர் மெதுவாக விளக்கினார். ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட வேறு வழியில்லாமல் புகைபோக்கி வழியாகக் காற்று இறங்குகிறது. ஊதுபத்திக்காவது வாசனை உண்டு. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

"அதுக்கு என்ன செய்யணும்?"

"சுவத்துல ஓட்டை போடணும்."

"என்னது? காசைக் கொட்டி வீட்டை சூடாக்கிட்டு, ஓட்டை வேற போடணுமா?" நண்பன் அலறினான்.

நிஜமாகவே ஓட்டைதான். ஸ்டவ்வுக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து குழாய் வழியாக நேரே அதன் வயிற்றுக்குப் போகவேண்டும். சமையலறை ஃபேனுக்குத் தனியாக ஒரு காற்றுத் துளை. கூடவே, மோனாக்ஸைடு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று. நண்பன் மனைவி கணவனைக் கேட்கவில்லை. "போடுங்க" என்றாள்.

கிளம்பும்போது பெரியவர் சமையலறை மூலையில் இருந்த பழைய இரும்பு அடுப்பைப் பார்த்தார். விறகு போட்டு எரிக்கிற, பாட்டி காலத்து அடுப்பு. நண்பன் அதைப் பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தான்.

"2018 அக்டோபர் ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப இங்கே இல்லை" என்றார். 'வாயா' புயல் இந்த மலைகளில் லட்சக்கணக்கான மரங்களைத் தீக்குச்சி மாதிரி சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. "மூட்டை மூட்டையா பெல்லட் இருந்துது. திருகு சுத்த கரண்ட் இல்லை. பாட்டி அடுப்பு வெச்சிருந்த வீட்டுலதான் ஊரே உட்கார்ந்திருந்துது. இதுக்குத் தனி புகைபோக்கி இருக்கு. வித்துடாதே."

ஆக, கடையில் நான் கேட்ட கேள்விக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது.

ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போகிற தம்பிகளுக்கு, பெரியவர் சொன்னதில் இன்னும் கொஞ்சம். மூட்டையில் 'ஈஎன்பிளஸ் ஏ1' முத்திரை பாருங்கள். அப்படியென்றால் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 15 கிலோ மூட்டைக்கு சுமார் நூறு கிராம். நெருப்புக் கிண்ணத்தை தினம் துடையுங்கள். புகைபோக்கியை வருஷம் ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். எவ்வளவு கிலோவாட் என்பதைக் கடையில் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஜனவரியில் போன் செய்தேன். வெளியே மைனஸ் 8. மாடியில், குழந்தை அறையில் 18 டிகிரி என்று நண்பன் தெர்மாமீட்டரைப் பார்த்து கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னான். பக்கத்திலிருந்து அவன் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"முந்தாநேத்து பனியில மூணு மணி நேரம் கரண்ட் இல்லண்ணா!"

"அய்யய்யோ, என்னம்மா பண்ணீங்க?"

"பாட்டி அடுப்பை மூட்டினோம். பக்கத்து வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துட்டாங்க. மிளகு ரசம் வெச்சுக் குடுத்தேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாங்கண்ணா!"