மண் மாடங்கள் கற்பித்த பாடம்



அன்று மத்ரஸாவில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து வினவிய ஹதீஸை நடத்திக்கொண்டிருந்தோம். வெறுங்காலுடன் திரிந்த ஆட்டிடையர்கள் உயரமான கட்டடங்கள் எழுப்புவதில் போட்டியிடுவது கியாமத்தின் அடையாளங்களுள் ஒன்று என்று விளக்கியபோது, மாணவன் ஒருவன் ஒரு படத்தை நீட்டினான். எமன் நாட்டின் ஷிபாம் நகரம்.

“உஸ்தாத், இவர்களும் அப்படிப் போட்டியிட்டவர்கள்தாமா?”

“ஆம்” என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம்.

இஷாவுக்குப் பின்னும் அந்த “ஆம்” நெஞ்சில் உறுத்தியது. தேடிப் படித்தோம்.

ஹள்ரமவ்த் பள்ளத்தாக்கில் மதில் சூழ்ந்த சிறிய ஊர் ஷிபாம். வைக்கோல் கலந்து வெயிலில் உலர்த்திய மண்கற்களால் ஏழு மாடி வரை எழும்பிய வீடுகள் அங்கே ஏறத்தாழ 500 உள்ளன. ‘பாலைவனத்தின் மன்ஹாட்டன்’ என்று வியந்து பயணிகள் தேடிவந்த அந்த ஊரை 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆயினும் அவ்வுயரத்தின் காரணம் பெருமையன்று. 16ஆம் நூற்றாண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், மேட்டு நிலத்தில் மதிலுக்குள் நெருக்கமாகக் கட்டினர். பகைவரிடமிருந்து காவல் கிடைத்தது, விளைநிலமும் மிஞ்சியது. கீழ்த்தளம் தானியத்திற்கு, மேல்தளங்கள் குடும்பத்திற்கு. மழை கரைக்கும் சுவரை மீண்டும் மீண்டும் மண்ணால் பூச வேண்டும். பூசும் கை ஓய்ந்தால் வீடு மண்ணோடு மண்ணாகும். 2008இல் மீண்டும் வெள்ளம் தாக்கியது. போர் மூண்டபின், 2015இல் அவ்வூர் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நாம் ஓதிவரும் ஹத்தாத் ராத்திபைத் தந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவீ அல்ஹத்தாத் (ரஹ்) அவர்கள் அதே பள்ளத்தாக்கின் தரீம் நகரத்தவர். அம்மண்ணின் மக்கள் மீதே, ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புரைத்துவிட்டோம்!

மறுநாள் மாணவர்கள் முன்னிலையில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். கியாமத்தின் அடையாளமாகக் கூறப்பட்ட ஒவ்வொன்றும் பழிக்கத்தக்கதன்று என இமாம் நவவீ (ரஹ்) விளக்கியதையும் எடுத்துரைத்தோம்.

“அப்படியானால் எது போட்டி, உஸ்தாத்?” என்றான் அவன்.

அண்டை வீட்டார் மாடி எழுப்பிய மறு ஆண்டே, கடன் வாங்கி நாம் எழுப்பிய மாடி நினைவுக்கு வந்தது. அங்கே இன்றுவரை எவரும் குடியிருக்கவில்லை. அதையே அவனுக்கு விடையாகச் சொன்னோம்.

பிறர் வீட்டின் உயரத்தை அளக்குமுன் நம் நிய்யத்தை அளந்து பார்க்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.