பொட்டி பேசுமுங்களா?

சங்ககிரியிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, வண்டிகளுக்கு ஜிபிஎஸ் மாட்டலாம்னு இருக்கறேன். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்கதான் இதெல்லாம் படிக்கிறவராச்சே!"

அவனிடம் மூன்று லாரிகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் மூன்று லாரி வைத்திருப்பவரைப் பெரிய முதலாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று ஒரு சுற்று வந்து பாருங்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. வெறும் வானம் பார்த்த பூமியில் இருந்தவர்கள் சக்கரத்தை நம்பிப் பிழைத்த கதை அது. அக்கா வீட்டுக்காரர் டிரைவராக இருந்து முதலாளி ஆனவர். மகன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு முதலாளி ஆனவன். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் ஆசை திடீரென்று வந்ததல்ல. ஒரு மார்கழி விடியற்காலையில் நடந்த சங்கதிதான் காரணம்.

குஜராத்தில் ராஜ்கோட்டிலிருந்து பஞ்சு பேல் ஏற்றிக்கொண்டு அவனுடைய பத்துச் சக்கர வண்டி கோயமுத்தூர் மில் ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது. அக்கா வீட்டுக்காரர் காலத்திலிருந்து ஓட்டுகிறவர். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் பையன் இருப்பான். இப்போது கிளீனருக்கு ஆள் கிடைப்பதில்லை, தனியாகத்தான் ஓட்டுகிறார். அவிநாசி ரோடு அவருக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால், அந்த ரோடே மாறிவிட்டதே! கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு மேலே ஒரு பாலம், 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. மேலே ஏறினால் இடையில் எங்கே இறங்குவது, கீழேயே போனால் எங்கே திரும்புவது? குழம்பிப் போய், மகள் சொல்லிக்கொடுத்தபடி கைப்பேசியில் மேப்பைப் போட்டிருக்கிறார்.

மேப் நல்ல பிள்ளையாகக் குறுக்கு வழி காட்டியது. இடது, வலது, மறுபடி இடது. கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம், ரயில் பாதைக்குக் கீழே நுழைந்து போகிற ஒரு தாழ்வான பாலம். முன்னால் உயரம் காட்டும் இரும்புச் சட்டம். வண்டியில் தார்ப்பாய்க்கு மேல் எகிறி நிற்கும் பஞ்சு. மணி மூன்றரை. பின்னால் பால் வண்டி ஹாரன் அடிக்கிறது. ரிவர்ஸ் பார்த்துச் சொல்லக் கிளீனர் இல்லை. டீக்கடையைத் திறக்க வந்த ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி, முக்கால் மணி நேரம் பின்னுக்கு எடுத்திருக்கிறார்கள். மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் வரிசையில் இருபது வண்டி. ஒரு நாள் வெட்டியாகப் போயிற்று.

அந்த மேப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது காருக்கு வழி சொல்லும் மேப். உங்கள் மாருதிக்கு எது வழியோ, அதைத்தான் பஞ்சு லாரிக்கும் சொல்லும். நீங்கள் எவ்வளவு உயரம், எத்தனை டன் என்று அது கேட்கவே இல்லை; கேட்காத விஷயத்துக்கு எப்படிப் பதில் சொல்லும்? நம் ஊரில்தான் இந்தக் கூத்து என்றும் நினைக்காதீர்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வண்டிகள் ரயில்வே பாலங்களில் முட்டுகின்றன. பாலத்துக்குப் பாலம் உயரம் எழுதி வைத்திருக்கிற தேசம் அது!

அதனால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரிக்கென்றே தனியாக வழிகாட்டிப் பெட்டி விற்கிறார்கள். கார்மின் கம்பெனிக்காரர்கள் அந்த வரிசைக்கு 'டீசல்' என்று காதில் விழுகிற மாதிரியே பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை, ஏற்றியிருப்பது அபாயகரமான சரக்கா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த வழியைச் சொல்லும். அங்கே வாங்கி வந்து இங்கே மாட்டிவிட்டால் ஆகிவிடுமா? ஆகாது. பெட்டி கேள்வி கேட்டால் மட்டும் போதாது. நம் ஊர்ப் பாலத்தின் உயரம் அதன் மேப்புக்குள் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரிக்குப் போனேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பொட்டி பேசுமுங்களா?"

"எந்தப் பொட்டிங்க?"

"தம்பி மாட்டப் போறேன்னு சொல்லுச்சே... ஜிபிஎஸ்சு. இப்படித் திரும்பு, அப்படித் திரும்புன்னு தமிழ்ல சொல்லுமுங்களா? கண்ணாடி போட்டாத்தான் எனக்கு எழுத்துத் தெரியுது. பேசுச்சுன்னா சௌரியமுங்க."

உள்ளே போனேன். அக்கா மகன் மேஜை மேல் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்திருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. திரை கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. நாலு ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "சேம்பிளுக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க மாமா. டேஷ்போர்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டா டிரைவருக்கே தெரியாது. வண்டி எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, என்ன வேகத்துல போகுது... எல்லாம் என்ற போன்ல வந்துரும்!"

எனக்குச் சுருக்கென்றது. வாசலில் ஒருவர் ஒரு ஜிபிஎஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வாங்கப்போவது வேறு ஜிபிஎஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கீழே இருக்கும் ஜிபிஎஸ் அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அவ்வளவுதான். சாதாரண ஜனங்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கொஞ்சம் பிசகு வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதை எடுத்துவிட்ட பிறகுதான், நூறு மீட்டர் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் தெருவைச் சரியாகக் காட்ட ஆரம்பித்தன. இப்போது நம் இஸ்ரோவின் 'நாவிக்' வேறு இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் மேலே போனது.

ஆக, ஜிபிஎஸ் என்பது ஒரு காது. கேட்டதை யாரிடம் சொல்வது என்பதில்தான் ரகம் பிரிகிறது. திரையும் ஸ்பீக்கரும் வைத்தால் டிரைவரிடம் சொல்லும். சிம் கார்டைச் செருகினால் முதலாளியிடம் சொல்லும். முதலாவது வழிகாட்டி, இரண்டாவது காவல்காரன். நம் பக்கத்து லாரி ஆபீஸ்களில் ஜிபிஎஸ் என்றால் பெரும்பாலும் இந்தக் காவல்காரன்தான்.

காவல்காரன் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி திருடு போகிறது, சரக்குக்காரர் "லோடு எங்கே, லோடு எங்கே" என்று உயிரை எடுக்கிறார். பஸ், டாக்ஸி மாதிரி ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு, 2019 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவு செய்யும்போதே இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. எல்லாம் சரி. ஆனால், பாலத்தில் மாட்டியவருக்கு அது என்ன உதவி செய்யும்? "வண்டி 45 நிமிஷமாக நிற்கிறது" என்று சங்ககிரிக்குச் செய்தி அனுப்பும். "ஏன் நிக்குது?" என்று இவன் போன் போட்டுத் திட்டுவான். அதற்குத்தான் உதவும்.

"மாப்ளே, இதுல எஞ்சினை நிறுத்தற ஒயர் இருக்குதா?" என்றேன்.

"இருக்குதுங்க மாமா. போன்லயே ஆப் பண்ணிரலாம்."

"திம்பத்துல எறங்கும்போது கை தவறி அமுக்கிட்டீன்னா?"

பேசாமல் இருந்தான். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய வண்டியில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்குப் புதுக் காற்று ஏறாது. இன்ஜினீயரிங் படித்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் டிரைவரை உள்ளே கூப்பிட்டேன். தயங்கியபடி வந்தவர், நான் கேட்டதும் வண்டிக்குப் போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். கோடு போட்ட நீள நோட்டு, டீசல் வாசம். இருபத்தெட்டு வருஷத்து வழி அதில் இருந்தது. எந்த ஊரில் எந்தப் பங்க்குக்கு அப்புறம் திரும்புவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே ராத்திரி நிறுத்தக் கூடாது. சில வரிகளுக்குப் பக்கத்தில் 'பாலம் 13 அடி' என்று சிவப்பு மையில் வட்டம். கடைசிப் பக்கங்களில், 'திம்பம் ராத்திரி அடைப்பு' என்று இருந்தது. 2022 பிப்ரவரியில் புலிகள் காப்பகத்துக்காகக் கோர்ட் உத்தரவுப்படி இரவுத் தடை வந்தபோது எழுதியது.

அக்கா மகன் அந்த நோட்டை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். நிறைய நேரம் புரட்டினான்.

மூன்று பேரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். உங்களுக்கும் பயன்படலாம், சொல்லிவிடுகிறேன். வண்டியின் உயரமும் எடையும் கேட்கிற மேப்பா என்று முதலில் பாருங்கள். சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்ய மேப் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். கார் 12 வோல்ட், லாரி பெரும்பாலும் 24 வோல்ட். அதைத் தாங்குமா என்று கேளுங்கள். வெயிலில் திரை தெரிய வேண்டும், ரோட்டை மறைக்காமல் மாட்ட இடம் வேண்டும், தமிழில் பேச வேண்டும். ஊருக்குள் நுழையும் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம். மில் கேட்டுக்குப் போன் போட்டு லாரி வரும் வழியைக் கேட்பதே உத்தமம். முக்கியமாக, வாங்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். காசு உங்களுடையது, ராத்திரி மூன்றரை மணி அவருடையது.

ஏழு அங்குலத் திரை ஒன்று வாங்கினான். அந்தக் குட்டிப் பெட்டியையும் மாட்டினான். எஞ்சின் ஒயரை மட்டும் வெட்டிவிட்டு, டிரைவர் கண்ணெதிரே. "இது எனக்கு இன்னது இன்னது காட்டுமுங்கண்ணா" என்று அவனே சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு, "தெரிஞ்சு இருந்தா ஒண்ணுமில்ல தம்பி" என்றார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி அக்கா வீட்டில் தங்கினேன். அக்கா மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேப்பில் தும்கூருக்கு முன்னால் ஒரு புள்ளி அசையாமல் நின்றது.

"எவ்வளவு நேரமா நிக்குது?" என்றேன்.

"ரெண்டு மணி நேரமாச்சுங்க மாமா."

போன் பண்ணப் போகிறான் என்று நினைத்தேன். முன்பெல்லாம் பண்ணுவானாம். தூக்கத்திலிருந்து எழுந்து பதறி எடுப்பாராம் அவர்.

"தூங்கறாருங்க. தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டான். அவனும் போய்ப் படுத்துக்கொண்டான்.