தொப்பைக்கு ஐஸ்!

மேனேஜருக்கு ஐஸ் வைப்பது நமக்குப் புதிதல்ல. தொப்பைக்கு ஐஸ் வைக்கிறார்கள் ஸார், அதுதான் விசேஷம். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. வயிற்றுச் சதையை ஒரு கருவி கவ்வி இழுத்து, அரை மணி, ஒரு மணி நேரம் ஜில்லென்று குளிர வைக்கும். பெயர் 'க்ரையோலிபோலிசிஸ்'. சொல்லும்போது நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பல்ல.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு குச்சி ஐஸ். அதை வாயில் அடக்கி வைத்த குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு பாதிக்கப்பட்டதை 1970-ல் ஒரு அமெரிக்க மருத்துவப் பத்திரிகை எழுதியது. தோலை விடக் கொழுப்புக்குக் குளிர் ஆகாது! அந்தச் சங்கதியைப் பிடித்துக்கொண்டு பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டீன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு தோல் டாக்டர்கள் இந்த முறையை உருவாக்கினார்கள். 2010-ல் இடுப்புப் பக்கச் சதைக்கும், 2012-ல் வயிற்றுக்கும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

என் பக்கத்து ஸீட் நண்பனுக்குத் தை மாசம் கல்யாணம். நிச்சயதார்த்த போட்டோவில் மாலையை முந்திக்கொண்டு தொப்பை நின்றதில் ஆள் நொந்துபோய்விட்டான். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனான்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அவன் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "கைக்குச் சிக்குற கொழுப்பைத்தான் மெஷின் பிடிக்கும் தம்பி. அதுலயும் கால்வாசி குறைஞ்சா பெரிசு. ரெண்டு மூணு மாசம் ஆகும். உங்களுக்கு முக்கால்வாசியும் உள்ளே, குடலைச் சுத்தி இருக்கு. அதை இந்த மெஷின் தொடாது."

அபூர்வமாகச் சிலருக்குக் குளிர வைத்த இடமே கெட்டிப்பட்டுப் பெருத்துவிடுமாம். மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படித்தான் ஆயிற்று என்று 2021-ல் பகிரங்கமாகவே சொன்னார்.

பிறகு டேப் வந்தது. நண்பன் 102 செ.மீ. சும்மா நின்ற என்னையும் அளந்தார்: 94. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 தாண்டினாலே சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வாசல் திறந்த மாதிரியாம்.

"அப்பாவுக்கு சுகர் உண்டா?" என்றார்.

உண்டு. அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை. அதுவரை நண்பனைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது.

வெளித் தொப்பை சட்டைப் பட்டனோடு போகும். உள் தொப்பைதான் ஆளைத் தீர்க்கிறது. ஆனால் அந்த வில்லன், நடைக்கும் சாப்பாட்டுக் குறைப்புக்கும் நன்றாகவே மசிவான். இப்போது தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறோம். சீட்டுப் பணம் அவன் பாங்கில் பத்திரமாக இருக்கிறது. வழியில் பஜ்ஜிக் கடை வந்தால் மட்டும் எதிர் பிளாட்பாரத்துக்கு மாறிவிடுகிறோம்.

நீங்களும் இன்று ராத்திரி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றிப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கிற வேலையெல்லாம் கூடாது, ஆமாம்!