எனக்குக் குளிருது

நவம்பர் 12, 2024, செவ்வாய்

விடியும் முன்பே மழை. ரப்பர் தோட்டத்துக் காலமாக இருந்தால் இன்று மரம் வெட்டு இல்லை. பால்மரத்துக்குக் குளிர்ச்சி வேண்டும், ஈரம் ஆகாது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும்.

இப்போது மலேசியாவின் கூலிமில் பிள்ளைகளின் பேச்செல்லாம் 1996இல் திறந்த ஹைடெக் பார்க்தான். ஜெர்மன் நிறுவனமான இன்பினியன் அங்கே 2006 முதல் இயங்குகிறது. தம்பி மகளும் ஜெர்மன் படிக்கிறாள். வகுப்பில் ஏர்கோன் தாங்காமல் "இஷ் பின் கல்ட்" என்றாளாம். வாத்தியார் சிரித்திருக்கிறார். அதற்கு 'நான் ஈரமில்லாத மனுஷி' என்றல்லவா பொருள் போகிறது! "மிர் இஸ்ட் கல்ட்" என்று சொல்ல வேண்டுமாம். மிர் என்றால் எனக்கு.

"இது என்ன கூத்து, பெரியப்பா?"

கூத்தே இல்லை. 'நான் குளிர்கிறேன்' என்று நாம் எப்போது சொன்னோம்? எனக்குக் குளிருது. அதே நான்காம் வேற்றுமை.

நவம்பர் 14, வியாழன்

அந்தக் 'கல்ட்' விடவில்லை. ஆங்கிலத்தில் கோல்ட், ஸ்வீடிஷில் கல். எல்லாவற்றுக்கும் மூலமாக 'கல்தஸ்' என்றொரு பழஞ்சொல்லை மொழிநூலார் மீட்டமைக்கிறார்கள். அது பிறவியிலேயே பெயரடை அல்ல. குளிர்தல், உறைதல் என்ற பொருளுடைய ஒரு வினையோடு இறந்தகால விகுதி சேர்ந்து வந்தது. குளிர் என்ற வினையிலிருந்து நாம் 'குளிர்ந்த' என்ற பெயரெச்சத்தை எடுப்பதுபோல. ஆங்கிலத்தில் அந்த வினை செத்துவிட்டது, பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டது. ஐஸ்லாந்துக்காரர்களிடம் 'கால' என்ற வினை இன்னும் உண்டு. பனியில் விரல் விறைத்துப் புண்ணாவதற்கு அந்தச் சொல்தான். தமிழிலோ வினையும் எச்சமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று தம்பி மகளிடம் வேறு புலம்பல். ஜெர்மனில் காற்று ஆண்பால், அதனால் கல்டர் விண்ட். வளி பெண்பால், கல்டெ லுஃப்ட். தண்ணீர் இரண்டுமில்லை, கல்டெஸ் வாஸர். நம் 'குளிர்ந்த' எதன் முன் நின்றாலும் மாறாது. இங்கே தமிழ் உதவாது, மனப்பாடம்தான் கதி.

'மிர்', 'எனக்கு' ஒற்றுமையைக் கேட்ட ஒருவர் "அப்படியானால் ஜெர்மனே தமிழிலிருந்து வந்ததுதானே?" என்றார். இல்லை ஐயா. அது இந்தோ-ஐரோப்பியம், நமது திராவிடம். உறவில்லாமலே இரண்டும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஜெர்மன் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். 'மிர்' வரும் இடங்களில் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.