சல்லி இல்ல மாமா, வைரம்தான்



நோன்பு பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது நடந்த விடயம் இது. இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் தங்கச்சியின் போன் வந்தது. அழுகை. “நானா, பேங்க்ல இருந்த சல்லி எங்க போன எண்டு விளங்குதில்ல.”

மச்சான் கட்டாரில் லொறி ஓட்டுகிறவர். அவர் அனுப்புவதில் செலவு போக மிஞ்சுவதை, வீட்டின் கூரையை மாற்றுவதற்கென்று தங்கச்சி சேர்த்து வந்தாள். அதில் 38,000 ரூபா குறைந்திருந்தது. ஒரேயடியாக அல்ல. 600, 1,500, 900 என்று மூன்று வாரங்களில் முப்பது தடவைகளுக்கு மேல் போயிருந்தது. யாரோ கள்ளன் கார்ட் இலக்கத்தைத் திருடிவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கள்ளன் அடுத்த அறையில் பாடசாலைச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது மருமகன். உம்மா எப்போதோ துணி வாங்குவதற்காகப் போனில் பதிந்து வைத்த கார்ட் இலக்கம் அப்படியே இருந்திருக்கிறது.

“ஏன் மகன் உம்மாட சல்லிய எடுத்தீங்க?” என்று கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “நான் சல்லி செலவழிக்க இல்ல மாமா, வைரம்தான் செலவழிச்ச.”

தண்டனைக்குப் பயந்து சொன்ன பொய் என்றுதான் அப்போது எண்ணினேன். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் மூத்த மகள்தான், “வாப்பா, அவன் உண்மையத்தான் சொல்றான்” என்றாள். அதன்பின் நாலைந்து இரவுகள் அவளை ஆசிரியையாக வைத்து நான் ஓதினேன். அதில் விளங்கியதை, போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

இந்த விளையாட்டுகள் பலவற்றில் இரண்டு வகைப் பணம் உண்டு. ஒன்று, விளையாடி வென்றால் கிடைக்கும் நாணயம். மற்றது, மெய்யான காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கும் வைரம். நாணயத்துக்குக் கிடைப்பவை சில்லறைச் சாமான்கள். பிள்ளைகள் ஏங்கும் சட்டையும் துவக்கும் வைரத்துக்குத்தான். ரூபாவை வைரமாக மாற்றுவது ஒரு நிமிட வேலை, அதன்பிறகு கடையில் எங்கும் ரூபா என்ற சொல்லே கிடையாது. தொப்பி 80 வைரம் என்றால் வைரம் நூறு நூறாகத்தான் விற்கப்படும். 20 மிஞ்சும். அந்த இருபதால் ஒன்றும் வாங்க முடியாது, விட்டுவிடவும் மனம் வராது, ஆகவே இன்னொரு நூறு. கடைக்காரர் மிச்சக் காசுக்கு டொபி தருவதை நாம் குறை சொல்லுவோம். அந்த டொபியையாவது வாயில் போடலாம்!

நாணயத்தின் கதை இன்னும் சுவையானது. பழைய விளையாட்டுகளில் ஒரு பூதத்தைக் கொன்றால் பொன் விழும். பூதம் சற்று நேரத்தில் மீண்டும் முளைக்கும், மீண்டும் பொன் விழும். ஒவ்வொரு பூதமும் ஒரு நாணயச்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாகக் கொன்றால் ஊரெல்லாம் பொன், ஆனால் வாள்களின் எண்ணிக்கை அதற்கேற்பக் கூடாது. விலை ஏறும். 1997 இல் வந்த ‘அல்டிமா ஒன்லைன்’ என்ற விளையாட்டில் இப்படித்தான் பொன்னுக்கு மதிப்பு இறங்கியது. 2022 செப்டெம்பரில் நமது நாட்டில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட நாட்களில் அரிசியும் பால்மாவும் வாங்கிய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே விளையாட்டைச் செய்பவர்கள் பொன் வரும் குழாயை வைத்தது போலவே அது வெளியேறும் வடிகாலையும் வைக்கிறார்கள். வாள் தேயும், திருத்தக் கூலி. சந்தையில் விற்றால் வரி. குழாயும் வடிகாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ‘ஈவ் ஒன்லைன்’ என்ற விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்துக் கம்பனி 2007 இல் பொருளியல் கலாநிதி ஒருவரையே வேலைக்கு அமர்த்தியது.

விளையாட்டுச் சாமானுக்கு மெய்யான விலை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எட்வர்ட் கஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2001 இல் இதைக் கணக்குப் பார்த்தார். ‘எவர்குவெஸ்ட்’ என்ற விளையாட்டில் வரும் நொரத் என்ற கற்பனை நாட்டின் பொருட்களை மக்கள் இணைய ஏலத்தில் டொலருக்கு விற்பதைக் கவனித்து, அந்த நாட்டுக்கு ஆள்வீத வருமானம் போட்டார். 2,266 டொலர் வந்தது. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட இடம்! மண்ணும் நீரும் இல்லாத நாடு.

விலை இருக்கும் இடத்துக்குக் கூலியாளும் வருவான். சீனாவில் இளைஞர்கள் முறை வைத்து, இரவும் பகலும் பூதங்களைக் கொன்று பொன் சேர்த்தார்கள். முதலாளி அதைச் செல்வந்த நாட்டு விளையாட்டுக்காரருக்கு விற்றார். 2017 அளவில் வெனிசுவேலாவின் பணம் மதிப்பிழந்தபோது, அங்குள்ள சிலர் ‘ரூன்ஸ்கேப்’ என்ற விளையாட்டின் பொன்னைச் சேர்த்து விற்று வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். தங்கள் நாட்டு நோட்டை விட அந்தக் கற்பனைப் பொன் அவர்களுக்கு உறுதியாக இருந்தது. இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது பெட்டிதான். மருமகனின் 38,000 ரூபாவில் பெரும்பங்கு போனது சட்டைக்கோ தொப்பிக்கோ அல்ல. வைரம் கொடுத்து ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. அவன் ஒரு நீலத் துவக்குக்காகத் திறந்து திறந்து, பத்தொன்பதாவது பெட்டியில்தான் அதைக் கண்டான். இருபது வருடங்களாக நான் பிக்ஹு ஓதிக்கொடுக்கிறேன். ‘கரர்’ என்ற பாடத்துக்கு வந்தால், தண்ணீரில் கிடக்கும் மீனையும் வானத்தில் பறக்கும் பறவையையும் விற்கக்கூடாது என்று கிதாபில் உள்ள உதாரணத்தையே சொல்லிவிட்டுப் போவேன். மாணவர்கள் சிரிப்பார்கள், யார் மௌலவி அப்படி வாங்குவார்கள் என்று. வாங்கியவன் என் வீட்டிலேயே இருக்கிறான். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழுவும் 2018 இல் இத்தகைய பெட்டிகளை ஆராய்ந்து, காசு கொடுத்துத் திறப்பது அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று சொன்னது.

பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்குவது நமது வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் கம்பனி மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு இதையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்தது. குழப்பமான பொத்தான்களால் வேண்டாத கொள்வனவு நடந்தது என்பது இன்னொன்று. 2022 டிசெம்பரில் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென 245 மில்லியன் டொலர் செலுத்த அந்தக் கம்பனி உடன்பட்டது.

தங்கச்சிக்குத் திரும்பி வந்தது கொஞ்சம்தான். கார்ட் இலக்கத்தைப் போனிலிருந்து அழித்தோம். ஒவ்வொரு கொள்வனவுக்கும் இரகசிய இலக்கம் கேட்கும்படி என் மகள் மாற்றிக் கொடுத்தாள். போனையே பறித்துவிடு என்று சிலர் சொன்னார்கள். அந்தப் போனில்தானே வாப்பாவின் முகத்தை ஒவ்வொரு இரவும் பிள்ளைகள் பார்க்கிறார்கள்? நான் அடிக்கவும் விடவில்லை. கொப்பியொன்றை எடுத்து, அவன் திறந்த பெட்டிகளை அவனையே வரிசையாக எழுதச் சொல்லி, எதிரே ரூபாவைப் போடச் சொன்னேன். முதல் பக்கம் வேகமாக நிறைந்தது. இரண்டாம் பக்கத்தில் கூட்டித்தொகை இருபதாயிரத்தைத் தாண்டியதும் பென்சிலை வைத்துவிட்டான். பெருநாளைக்குக் கிடைத்த 4,500 ரூபாவை உம்மாவின் தலையணைக்கடியில் வைத்தான்.

சென்ற கிழமை என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தான். “மாமா, நீலத் துவக்கோட என்ட எக்கவுண்ட கிளாஸ்ல ஒருத்தன் 12,000 ரூபாவுக்குக் கேக்கிறான். வித்து உம்மாக்குக் குடுக்கவா?”

கம்பனியின் நிபந்தனைகளை மகள் வாசித்துக் காட்டினாள். துவக்கு இவனுக்குச் சொந்தமில்லை, பாவிக்க அனுமதி மட்டும்தான், எக்கவுண்டை விற்கவும் கூடாது. நமது மத்ஹபில் பயன்பாட்டையும் பொருளாகக் கொள்வோம். ஆனால் இரவல் வாங்கியவன் இரவல் பொருளை விற்பதெப்படி? காசு கொடுத்தல்லவா வாங்கினான், இரவலென்று எப்படிச் சொல்வது? மேல் வகுப்பு மாணவர்களிடம் இதை விட்டேன். மணி அடிக்கும்வரை வாதாடினார்கள், அவர்களும் முடிவுக்கு வரவில்லை.

தங்கச்சிக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. தேயிலைக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் புள்ளக்கி ஏது நானா 12,000 ரூபா?”