ஹைப்ரிடா, கேஸ் எஞ்சினா? ஒரு சிறு பிக்கப் வண்டியும் நம் கணக்கும்



வண்டி வாங்குவதெல்லாம் மார்க்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். எஞ்சினின் வகை மார்க்க விஷயமன்று. ஆனால், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேவைக்குச் செலவாகிறது என்ற இரண்டும் மார்க்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. நியூ ஜெர்ஸியில் வார இறுதி மத்ரஸா ஒன்றில் பாடம் நடத்தி வருகிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தகப்பனார்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதி, இத்தகைய கேள்விகளே.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சகோதரர் கொண்டுவந்த கேள்வியை இங்கே எழுதுவதற்கு அவருடைய அனுமதி உண்டு. அவர் வீடுகளில் குழாய், கதவு, தரை முதலிய பழுதுவேலைகள் செய்து பிழைப்பவர். சனிக்கிழமைகளில் பள்ளிவாசலின் உணவு வங்கிக்கு அரிசி மூட்டைகளை ஏற்றி வருபவரும் அவரே. பழைய வேன் பழுதாகிவிட்டதால், ஃபோர்டு நிறுவனத்தின் மேவரிக் என்னும் சிறு பிக்கப் வண்டியை வாங்க எண்ணினார். அதில் இரண்டு எஞ்சின்கள் உண்டு. ஒன்று ஹைப்ரிட், மற்றொன்று கேஸ். (அமெரிக்காவில் பெட்ரோலையே ‘கேஸ்’ என்பர், சமையல் எரிவாயு என்று ஊரில் உள்ளோர் எண்ணிவிட வேண்டாம்.)

“ஹஜ்ரத், நாலு வருஷம் சேர்த்த பணம் கேஸ் வண்டிக்குச் சரியாக இருக்கிறது. ஹைப்ரிடுக்கு 1,500 டாலர் குறைகிறது. வட்டிக்கு வாங்க மாட்டேன். எரிபொருளை மிச்சப்படுத்தாத வண்டியை வாங்கினால் அது வீண்விரயம் ஆகிவிடுமா?” என்று கேட்டார்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மேவரிக் 2021 ஜூன் மாதம் அறிமுகமானபோது ஹைப்ரிடே அடிப்படை எஞ்சினாக இருந்தது. 2024 மாடலில் நிலைமை தலைகீழானது. கேஸ் எஞ்சின் அடிப்படையாயிற்று. ஹைப்ரிடுக்கு 1,500 டாலர் கூடுதலாயிற்று.

கேஸ் எஞ்சின் 2.0 லிட்டர் டர்போ, 250 குதிரைத்திறன். ஹைப்ரிடில் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 191 குதிரைத்திறன் தருகின்றன. இந்த 2.5 லிட்டர் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவது. சிக்கனமானது, ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை குறைவு. அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. பிரேக்கை அழுத்தும்போது சாதாரண வண்டியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி இதில் மின்சாரமாகிப் பேட்டரியில் சேர்கிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். இதனைச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை.

எங்கே ஓடப்போகிறது?

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்துள்ள மதிப்பீட்டின்படி, முன்சக்கர இழுவையுள்ள கேஸ் வண்டி ஒரு கேலனுக்கு நகரத்தில் 23 மைல், நெடுஞ்சாலையில் 30 மைல் ஓடும். ஹைப்ரிட் நகரத்தில் 42 மைல், நெடுஞ்சாலையில் 33 மைல் ஓடும். ஊர்க் கணக்கில் சொன்னால், நகரத்தில் ஒரு லிட்டருக்குக் கேஸ் வண்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 18 கிலோமீட்டரும் தருகின்றன.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. நகரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. நெடுஞ்சாலையிலோ மூன்றே மைல்கள்தாம். காரணம் எளிது. நின்று நின்று செல்லும் இடத்தில்தான் பிரேக்கிலிருந்து மின்சாரம் கிடைக்கும். ஒரே வேகத்தில் ஓடும் சாலையில் மீட்டெடுக்க ஒன்றுமில்லை.

ஒரு கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 மைலும் நகரத்திலேயே ஓடுபவருக்கு ஹைப்ரிட் 700 டாலருக்கு மேல் மிச்சப்படுத்தும். கூடுதல் விலை இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் திரும்பிவிடும். அதே 12,000 மைலை நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 109 டாலரே. அந்த 1,500 டாலரை மீட்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ‘ஹைப்ரிட் சிக்கனமானது’ என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மையே.

நம் சகோதரர் ஐந்தில் நான்கு பங்கு நகரத்துக்குள் ஓடுபவர். அவருக்கு ஆண்டுக்கு 590 டாலர் அளவுக்கு மிஞ்சும். அதாவது மாதம் 49 டாலர்.

சுமையும் இழுவையும்

சுமை ஏற்றுவதில் இரண்டு எஞ்சின்களுக்கும் வேறுபாடில்லை. அதிகபட்சம் 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ. ஆனால் ஓட்டுநரும் உதவியாளரும் இந்தக் கணக்கிலேயே அடங்குவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இருவரும் சேர்ந்து 360 பவுண்டு என்றால், 20 பவுண்டு அரிசி மூட்டைகள் 57 வரையே ஏற்றலாம். தன் ஒட்டகத்தைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கியவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. இரும்புக்கு வலி இல்லைதான். எனினும் அளவு மீறிய சுமையால் பிரேக் பிடிக்காமல் போனால், வலி சாலையில் செல்லும் மனிதர்களுக்கு.

இழுவையில்தான் வேறுபாடு உண்டு. 2024 மாடலில் ஹைப்ரிட் 2,000 பவுண்டு வரையே டிரெய்லர் இழுக்கும். கேஸ் எஞ்சின், அதற்கென உள்ள கூடுதல் அமைப்புடன், 4,000 பவுண்டு வரை இழுக்கும்.

சகோதரர் தயங்கியது இங்கேதான். “என்றைக்காவது டிரெய்லரில் டைல்ஸ் ஏற்ற வேண்டி வந்தால்?” என்றார். கடந்த நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை அப்படி வந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஒரு தடவைகூட இல்லை” என்றார்.

நம்மில் பலர் வீட்டையும் வண்டியையும் நாம் வாழும் நாட்களுக்காக வாங்குவதில்லை. கற்பனையில் உள்ள ஒரு நாளுக்காக வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் தேவைக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்காக மீதி 364 நாட்களும் கூடுதல் எரிபொருளை எரிப்பதைத்தான் நான் வீண்விரயத்துக்கு நெருக்கமாகக் காண்கிறேன். அதே வேளையில், வாரந்தோறும் கனத்த இயந்திரங்களை டிரெய்லரில் இழுத்துச் செல்லும் தோட்ட வேலைக்காரர் ஒருவர் அதே 2024 மாடலில் ஹைப்ரிடை வாங்கினால், அது தன் கருவியையே கெடுத்துக்கொள்ளும் செயலாகும். அவருக்குக் கேஸ் எஞ்சினே சரி. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி இடைநிலையில் செலவிடுவோரை அல்-ஃபுர்கான் அத்தியாயம் புகழ்கிறது. அந்த இடைநிலை எல்லோருக்கும் ஒரே எஞ்சினாக அமைவதில்லை.

மாதம் 26 டாலர்தானே?

வண்டி விற்குமிடத்தில் எல்லாவற்றையும் மாதக் கணக்கில்தான் சொல்வார்கள். 8 சதவீத வட்டியில் 72 மாதங்களுக்குக் கடன் வாங்கினால், அந்த 1,500 டாலருக்கு மாதம் 26 டாலர் சொச்சம் வரும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். முடிவில் கட்டியிருப்பது 1,890 டாலருக்கு மேல். அந்த ஏறத்தாழ 390 டாலர்தான் நாம் அஞ்ச வேண்டிய வட்டி.

வட்டியைத் தவிர்ப்பவருக்குக் கணக்கே வேறு. 1,500 டாலர் என்றால் அவர் மேலும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை பிழைப்புக்கு வண்டி இல்லை. மேலும், தொழிலுக்குப் பயன்படும் வண்டிக்கு ஸகாத் இல்லை. ஆனால் அதை வாங்கச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் அதற்கு ஸகாத் உண்டு. அவர் அதை ஆண்டுதோறும் கணக்கிட்டுக் கொடுத்தே வந்திருக்கிறார். ஆக, ஹலாலைப் பேணும் மனிதருக்குத்தான் இந்த ஊரில் நெருக்கடி அதிகம். “பொறுமையாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவது எளிது. அவருடைய பொறுமை அவருடைய கடமை. நம்முடைய கடமை என்ன?

இந்தப் பேச்சு ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் காதுக்கு எட்டியது. அந்த 1,500 டாலரை அழகிய கடனாகத் தாமே தருவதாகச் சொன்னார். சகோதரருக்குத் தயக்கம். “திருப்பிக் கொடுக்க முடியாமல் போனால், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்றார். அப்போதுதான் அந்த 49 டாலர் எங்களுக்குக் கைகொடுத்தது. வண்டி மிச்சப்படுத்தும் எரிபொருளின் பணமே கடனை அடைக்கட்டும் என்று முடிவாயிற்று. மாதம் 50 டாலர், 30 மாதங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். அதன்படி தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட்டார்கள். அன்றிரவு அவர் இஸ்திகாரா தொழுதார். மறுவாரம் ஹைப்ரிட் வண்டி வந்தது.

குளிர்காலத்தில் மைலேஜ் குறைகிறது என்று பின்னர் சொன்னார். குளிரில் பேட்டரியின் திறன் தாழ்வதும் வண்டிக்குள் சூடேற்ற எஞ்சின் அடிக்கடி இயங்குவதும் காரணம். வேனிற்காலத்தில் அது ஈடாகிவிடுகிறது. தவணை ஒரு மாதமும் தவறவில்லை.

இப்போது வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 மாடல் முதல் ஹைப்ரிடிலும் நான்கு சக்கர இழுவையும் 4,000 பவுண்டு இழுக்கும் அமைப்பும் கிடைக்கின்றன. எனவே மேலே சொன்ன கணக்கை அவரவர் வண்டிக்கும் விலைக்கும் ஏற்பப் புதிதாகப் போட வேண்டும். போடும்முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை மைல், அதில் நகரம் எவ்வளவு, சென்ற ஆண்டில் டிரெய்லர் இழுத்த நாட்கள் எத்தனை.

வசதியுள்ள சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிவாசலில் எவரேனும் வட்டியை அஞ்சி, சிறு தொகைக்காக ஒரு தொழிற்கருவியை வாங்க இயலாமல் நிற்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் தாமாக வந்து கேட்க மாட்டார். நம் அனைவருடைய சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வல்லாஹு அஃலம்.