வெயிலைத் தாங்கும் கால்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு ஆகிய ஊர்களைக் கடந்ததும் உடையார்கட்டு நம்மை எதிர்கொள்கின்றது. குளமும், குளத்தை நம்பிய வயலும், மேட்டு நிலத்திற் கச்சான் தோட்டமுமாக அமைந்த ஊர் அது. வன்னியின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் வழிப்போக்கரின் கண்ணில் முதலிற் படுவது தகரம். கூரையிலே தகரம், வேலியிலே தகரம், ஆட்டுக் கொட்டிலிலே தகரம்.

அதன் கதையை அறிந்தவர்க்கு அது வெறுந் தகரமன்று. 2009 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பினுள் இவ்வூரும் அடங்கியிருந்தது. அவ்வலயத்துள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. அக்காலத்திற் கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! நிலத்தைக் கொண்டுபோக முடியாது. கிணற்றைக் கொண்டுபோக முடியாது. தகரத்தையாவது கொண்டுபோகலாம் அல்லவா?

உடையார்கட்டில் எம் தம்பியின் காணியிலுள்ள ஆட்டுக் கொட்டிலின் மேல் அக்காலத்துத் தகரம் ஒன்று இன்றும் கிடக்கின்றது. நண்பகலில் அதன் கீழ் நின்றால் துளைகளின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக நிலத்தில் விழும். அத் தகரத்தில் ஒரு புதுமையைக் கண்டோம். பெரிய கிழிசலைச் சுற்றிலும் கறள் ஏறிச் செம்மண் நிறமாயிருந்தது. கடுகளவு துளைகளின் ஓரமோ நெடுங்காலம் கறளின்றி வெளுத்தே கிடந்தது. கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் எமக்கு இதன் காரணம் தெரியாததன்று.

தகரமென்று நாம் சொல்வது உண்மையில் நாகம் பூசிய இரும்புத் தகடே. இந்தியத் தமிழர் துத்தநாகம் என்பதை எம் பாடநூல்கள் நாகம் என்கின்றன. 1837 ஆம் ஆண்டிலே சோரெல் என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வாறு பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். அமிலத்தில் அழுக்கு நீக்கிய இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிக் கிடக்கும் நாகத்தில் அமிழ்த்தி எடுப்பார்கள். இரும்பும் நாகமும் எல்லையிற் கலந்து ஒன்றாகிவிடும். வண்ணப்பூச்சு உடுத்த ஆடை போன்றது. இதுவோ உடம்பொடு சேர்ந்த தோல். இதற்கு மேலும் ஒரு சிறப்புண்டு. தோல் சற்றே கீறுண்டாலும், இரும்பைத் தாக்க வரும் ஈரத்துக்கும் காற்றுக்கும் நாகம் தன்னையே முதலிற் கொடுக்கின்றது. தான் கரைந்து இரும்பைக் காக்கின்றது. கடுகளவு துளைக்கு இக்காவல் எட்டும், பெருங்கிழிசலுக்கு எட்டாது.

இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நாம், எம் தம்பியின் தோட்டத்திலே அதனை மறந்துபோனோம்.

2019 ஆம் ஆண்டில் அவன் கடன்பட்டுச் சூரியமின் தகடுகளும் நீர்ப்பம்பியும் வாங்கினான். தகடுகளைத் தாங்கும் சட்டத்தை ஓர் ஒட்டுவேலைப் பட்டறையில் மலிவாகச் செய்வித்தான். நாகம் பூசிய குழாய்களை வெட்டி, நெருப்பிற் காய்ச்சி ஒட்டி, ஒட்டிய இடங்களில் வெள்ளிப் பூச்சைத் தடவிக் கொடுத்தார்கள். நாம் போய்ப் பார்த்தோம். “நன்றாயிருக்கின்றது” என்று சொல்லியும் வந்தோம். காய்ச்சிய இடத்தில் நாகம் எரிந்துபோகும், அவ்விடத்தில் இரும்பு காவலற்று நிற்கும் என்பது எம் நினைவில் எழவேயில்லை.

2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியை யாரும் மறந்திரார். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. எண்ணெய் கேளாத பம்பி வைத்திருந்தமையால் தம்பியின் கச்சான் மட்டும் பசுமையாயிருந்தது. ஆடி மாதத்து இரவொன்றில் சோளகக் காற்று மூசி வீசியது. விடியற்காலையில் ஒட்டுவாயில் முறிந்த சட்டம் தகடுகளின் மேற் கவிழ்ந்து கிடந்தது. பழைய பம்பி இருந்தது. அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. காய் முற்றும் பருவத்திற் பயிர் வாடிப்போயிற்று.

“அண்ணை, கண்ணாடிக்குப் பாத்த காசைக் காலுக்குப் பாக்காமல் விட்டிட்டன்” என்றான் தம்பி. அவன் தன்னை நொந்துகொண்டானேயன்றி எம்மைக் குறை கூறவில்லை. அதுவே எம்மை வருத்தியது.

2025 சித்திரை விடுமுறையிற் காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கினோம். இராமேசுவரத்தில் தீர்த்தமாடி வழிபட்டபின், ஏனையோர் மதுரைக்குப் புறப்பட, நாம் மட்டும் பரமக்குடி வழியாகக் கமுதிக்குச் சென்றோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஊர் அது. தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும்: கமுதியும் உடையார்கட்டும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில், நடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே உள்ளன. இடையிலே கடல், இரு கரையிலும் ஒரே வெயில்.

சீமைக் கருவேல மரங்கள் மண்டிய வெளிகளைக் கடந்து செங்கப்படைப் பக்கம் சென்றதும், கறுத்த நீர்ப்பரப்பொன்று கிடப்பது போலத் தோன்றியது. அருகிற் சென்று பார்த்தால் அத்தனையும் கண்ணாடித் தகடுகள்! 2016 செப்டெம்பரிலே தொடங்கப்பெற்ற 648 மெகாவாற் சூரியமின் நிலையம் அது. ஏறத்தாழ 8,500 தொழிலாளர் எட்டே மாதங்களில் இதனை எழுப்பினர். 25 இலட்சம் தகடுகள், 3,80,000 அத்திவாரங்கள், தாங்கும் சட்டங்களுக்கு மட்டும் 30,000 தொன் நாகம் பூசிய உருக்கு. ஆசிரியத் தொழில் விடுமா? வேலிக்கு வெளியே வெயிலில் நின்றபடியே கணக்குப் போட்டோம். தகடொன்றுக்கு உருக்கு 12 கிலோ; அத்திவாரமொன்றுக்கு ஆறேழு தகடுகள்.

மாடு மேய்த்து நின்ற பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, “எல்லாரும் மேல பாத்துட்டுப் போவாங்க, ஐயா என்ன குனிஞ்சு குனிஞ்சு அடியில பாக்குறீக?” என்று கேட்டார். எம் தம்பியின் கதையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “காத்துக்குப் பயந்துதான் காலு. கனத்துக்கா காலு?” என்றார்.

நூல் படியாத அப்பெரியவர் சொன்னது பொறியியலாளரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. சாய்த்து நிறுத்திய தகடு, காற்றுக்குச் சுளகு போன்றது. அதன் பாரத்தைத் தாங்குவது எளிது. அது மேலே கிளம்பாமற் பிடித்துவைப்பதே அரிது. ஆதலாற்றான் பெரிய நிலையங்களில் தூணை ஊன்றுமுன் மண்ணிற் சில தூண்களை இறக்கி, இழுத்துப் பார்த்துச் சோதிக்கின்றார்கள். மண்ணில் உப்பும் ஈரமும் எவ்வளவென்றும் பார்க்கின்றார்கள். சட்டங்களை முதலில் வெட்டித் துளையிட்டு, அதன் பின்னரே நாகத்தில் அமிழ்த்துகின்றார்கள். களத்தில் ஒட்டுவேலை செய்யாது திருகாணிகளாற் பொருத்துகின்றார்கள். தடித்த உருக்கின் மேற் படியும் பூச்சு 85 மைக்ரோன் அளவினது. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகூட இல்லை. உள்நாட்டுக் காற்றில் அது ஆண்டுக்கு ஒரு மைக்ரோன் அளவே தேயும். உப்புக் காற்று வீசும் கடலோரத்திலோ பன்மடங்கு விரைவாகத் தேயும். தகடு இருபத்தைந்து ஆண்டு மின் தருமென்றால், அதன் காலும் இருபத்தைந்து ஆண்டு நிற்கவேண்டும் அன்றோ?

எமது வன்னியிலும் பூநகரிப் பக்கத்திற் பெரியதொரு சூரியமின் நிலையம் அமைப்பது பற்றிச் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. பூநகரி கடலோரம்; மணலும் உப்பும் கலந்த நிலம். எத்தனை மெகாவாற் என்று கேட்பதோடு நில்லாது, எந்த மண்ணில் ஊன்றுவார்கள், எவ்வளவு பூச்சுப் பூசுவார்கள், அந்நிலத்தை நம்பியிருப்போர்க்கு என்ன வழி என்றும் எம்மவர் கேட்டுவைப்பது நன்று.

ஊர் திரும்பியதும் தம்பியும் நாமும் சேர்ந்து புதுச் சட்டம் வருவித்தோம். துளையிட்ட பின் நாகம் பூசியது. ஒட்டு ஒன்றேனும் இல்லாதது. இம்முறை விலையைப் பற்றித் தம்பி பேசவில்லை. நாமும் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டோம். தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்த்து, கால்களை ஆழக் கொங்கிறீற்றில் ஊன்றினோம். மழை பெய்தாற் புழுதி வழிந்தோட அச்சாய்வு போதும்.

சோளகம் எழுந்த முதல் இரவிலே நாம் அங்கேயே தங்கியிருந்தோம். கொட்டிற் தகரம் கடகடவென்று ஓசையிட, இருவரும் விளக்கோடு எழுந்து சென்று பார்த்தோம். சட்டம் அசையவில்லை. தம்பி திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இனிப் படுப்பம் அண்ணை” என்றான்.